இது யாருக்குப் போட்ட ஊசி?

போன மாதம் வீட்டுக்காரம்மாவுக்குச் சர்க்கரை பார்ப்பதற்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ரத்தம் எடுத்த பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். ரத்தத்தை எடுத்தாள். பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னாள். மேஜை மேலிருந்த சின்னக் கருவியில் ஊசியைச் செருகி நறுக்கினாள். ஊசி உள்ளே விழுந்தது, சிரிஞ்சு சிவப்புத் தொட்டிக்குப் போனது. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் தொட்டிக்கு. கையுறை மறுபடியும் சிவப்புக்கு. சிரிஞ்சு சுற்றி வந்த காகித உறை மட்டும் சாதாரணக் குப்பைக் கூடைக்கு. தொட்டிகளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுப்படியில் கடுகு டப்பாவுக்குக் கை தானாகப் போகுமே, அந்த மாதிரி.

நான் அந்தத் தொட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன தாத்தா, அப்படிப் பாக்கீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அங்கேயே நின்றது. அந்த நாலு நிறத் தொட்டிகள் ஒரே நாளில் வந்து உட்கார்ந்தவை அல்ல. அவை வருவதற்கு முன்னால் நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, பெருமைப்படுகிற பங்கும் இல்லை. நமக்கோ வயதாகிவிட்டது. எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் 1979-இல் அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்தேன். 2013-இல் ஓய்வு பெறும்வரை கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் காட்டு ஊர்களில்தான் பெரும்பாலும் வேலை. இங்கே சொல்லப்போவது அதில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது. ஊர் பெயர் வேண்டாம். அன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியும் இதற்கு விலக்காக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்போது எல்லாம் கண்ணாடி சிரிஞ்சு. இந்தத் தலைமுறைக்கு அது தெரியாது. நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் கொதிக்கும் தண்ணீரின் சத்தம் இன்னும் காதில் இருக்கும். கண்ணாடிக் குழலிலும் உள்ளே போகும் தண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். எண் மாறினால் தண்டு ஓடாது, அல்லது மருந்து ஒழுகும். ஊசியை எறிகிற பேச்சே கிடையாது. முனை மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டுவோம். துளை அடைத்தால் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி எடுப்போம். நம் ஊர்த் தண்ணீர்தான் உங்களுக்குத் தெரியுமே! உப்புத் தண்ணீரில் கொதிக்கக் கொதிக்கக் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். தண்டு இறுகிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுப்பதே தனி வேலை.

ஊசி மட்டுமல்ல. குளுக்கோஸ் பாட்டில் கண்ணாடி, அதில் மாட்டும் குழாய் ரப்பர். கழுவிக் கொதிக்க வைத்தால் அடுத்த ஆளுக்கு. கட்டுத் துணியைத் துவைத்து, பின்னால் கொடியில் காயப்போட்டுச் சுருட்டி வைப்பார்கள். பிரசவ அறையில் வருகிற நஞ்சுக்கொடியை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்து, நாய் தோண்டாமல் மேலே கல்லைத் தூக்கி வைப்பார்கள். வீட்டில் பிரசவம் நடந்த காலத்தில் கொல்லையில் மருத்துவச்சி செய்ததும் அதுதான். மாடு கன்று போட்டால் இளங்கொடியைச் சாக்கில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிட்டதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உடம்பிலிருந்து வந்த ஒன்றைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்பது சட்டம் வருவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தது.

ஆகக் கூடி ஒரு நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர்கிற கழிவு என்ன? ரத்தமும் சீழும் பட்ட பஞ்சு ஓரிரு வாளி. சாயங்காலம் மூலையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினால் முடிந்தது.

அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கூட்டம் அதிகமான நாளில் இருபது நிமிஷம் கொதிக்க வேண்டியது அஞ்சு நிமிஷத்தில் வெளியே வந்துவிடும். மேலும் கொதிக்கும் தண்ணீரே எல்லாக் கிருமிக்கும் எமன் அல்ல. அதற்கு அழுத்தத்தில் அடைத்த நீராவி வேண்டும், 121 டிகிரி சூடு வேண்டும். பாஸ்டரிடம் வேலை பார்த்த சார்ல்ஸ் ஷாம்பர்லான் 1879-இலேயே பாரிசில் அந்தக் கருவியைச் செய்துவிட்டார். அதுதான் ஆட்டோகிளேவ். பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை அறைக்கு அது இருக்கும். புறநோயாளி ஊசி அறைக்கு வெறும் கொதிநீர்ப் பெட்டிதான். காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு போனவர் இரண்டு மாதம் கழித்துக் கண்ணும் உடம்பும் மஞ்சளாகி வந்தால், அது ஊசி வழியாகவும் வந்திருக்கலாம் என்று யார் யோசித்தோம்? கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொன்னோம். கழிவு குறைவாக இருந்தது உண்மை. ஆபத்து நோயாளியின் கையிலேயே தங்கியிருந்தது என்பதும் உண்மை.

ஒரு தடவை போட்டு எறிகிற பிளாஸ்டிக் சிரிஞ்சு உலகத்துக்குப் புதிதல்ல. நியூசிலாந்தைச் சேர்ந்த காலின் மர்டாக் 1956-இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். நம் பக்கம் வந்து சேர முப்பது வருஷம் ஆனது. வந்ததற்குக் காரணம் பயம்.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்தார்கள். ரத்த மாதிரிகளைச் சென்னையில் சேகரித்து, ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய் சி.எம்.சி.யில் பரிசோதித்தார்கள். அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று தள்ளி வைத்திருந்த நோய் நம் மாநிலத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தது. அடுத்த நாலைந்து வருஷத்தில் சுவரெல்லாம் 'எய்ட்ஸ்' விளம்பரம். ஊசி போட வருகிறவர்களே மெடிக்கல் ஷாப்பில் புது சிரிஞ்சு வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "சார், இதுல போடுங்க" என்பார்கள். நியாயம்தானே! எங்களுக்கும் நிம்மதி. கொதிக்க வைக்க வேண்டாம், தீட்ட வேண்டாம், உப்புச் சுரண்ட வேண்டாம்.

நோயாளி தப்பித்தார். ஆனால் ஊசி எங்கே போனது?

அதைத்தான் ஒருவரும் யோசிக்கவில்லை. முன்பு ஊசி எங்கள் கையை விட்டுப் போகாது. இப்போது நாளைக்கு ஐம்பது, நூறு என்று எங்கள் கையை விட்டுப் போனது. பாட்டிலும் பிளாஸ்டிக், குழாயும் பிளாஸ்டிக். இரண்டு வாளியாக இருந்த கழிவு இரண்டு மூன்று வருஷத்தில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மேடாக நின்றது. கொளுத்தினால் கரும்புகை. பாதி வேகும், பாதி உருகிக் கட்டியாகும். ஊசி கறுத்துப்போய் அப்படியே கிடக்கும்.

சரி, புதைத்துவிடலாம் என்று குழி வெட்டினார்கள். கரிசல் மண்ணின் குணம் தெரிந்த சம்சாரி யாரும் அந்த யோசனையைச் சொல்லியிருக்க மாட்டார். மழையில் கரிசல் உப்பும். கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். வெடிப்புக்குள் மேல்மண் விழும், அடுத்த மழையில் அடிமண் மேலே தள்ளும். வருஷா வருஷம் கல் பொறுக்கினாலும் அடுத்த வருஷம் புதுக்கல் மேலே வந்து நிற்பது அதனால்தான். கல்லைத் தள்ளுகிற மண் ஊசியை மட்டும் வைத்துக்கொள்ளுமா? இரண்டு ஐப்பசி கழிந்தது. ஆடு மேய்க்கிற பையன் ஒரு சிரிஞ்சில் தண்ணீரை உறிஞ்சி இன்னொரு பையன் மேல் பீய்ச்சி விளையாடுவதை நானே பார்த்தேன். அதட்டிப் பிடுங்கிப் போட்டேன். எங்கே போட்டேன்? அதே மேட்டில்தான்.

இனி நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

1992-ஆம் வருஷம். ஆஸ்பத்திரியில் ஒரு முகாம் நடந்தது. நூறு பேருக்கு மேல் ரத்தம் எடுத்தேன். வழக்கமாக ஊசிக்கு மூடியைப் போட்டு ஓர் அட்டைப் பெட்டியில் போடுவேன். மூடியைத் திரும்பப் போடும்போதுதான் கையில் அதிகம் குத்தும் என்று பின்னாளில் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்கு அதுதான் எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு. அன்று கூட்டம் முண்டியடித்தது. மதியத்துக்கு மேல் மூடி போட நேரமில்லை. பஞ்சோடு பஞ்சாக ஊசியையும் காலடியில் இருந்த சாக்குக்குள் போட்டுக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் பஸ் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா லேப் வாசலில் வந்து நின்றார். என்னைவிட பத்து வயது மூத்தவர். முந்தானையை வலது உள்ளங்கையில் சுற்றிப் பிடித்திருந்தார். துணி சிவந்திருந்தது. இன்னொரு கையில் ஓர் ஊசி.

"சார், இது யாருக்குப் போட்ட ஊசி?"

கோபமாகக் கேட்கவில்லை. விலாசம் கேட்கிற மாதிரி கேட்டார். நூறு பேரில் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? "எந்தச் சாக்குல இருந்துச்சு?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன். வார்டிலிருந்து வந்த சாக்காக இருக்கும் என்றும் என் வாய் சொன்னது. அவர் ஒன்றும் பேசவில்லை. டாக்டர் டி.டி. ஊசி போட்டு, மூன்று மாதத்தில் ஒரு தடவை, ஆறு மாதத்தில் ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். அதற்கும் பெரிய ஊருக்குத்தான் மாதிரி போக வேண்டும்.

அந்த ஆறு மாதமும் அக்கா ஆஸ்பத்திரிப் பானையில் தண்ணீர் மொண்டு குடிக்கவில்லை. வீட்டிலிருந்து தனி டம்ளர் கொண்டுவந்தார். டீ வாங்கி வருகிற பையனிடம் தன் டம்ளரை நீட்டுவார். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை, கைப்பிள்ளையாக இருந்த பேரனைத் தூக்குவதில்லை என்று உடன் வேலை பார்த்தவர் சொல்லித்தான் தெரியும். தண்ணீராலோ தொடுவதாலோ அந்த நோய் வராது என்று எனக்குத் தெரியும். போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லப் போனால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும் என்று நான் போகவில்லை.

இன்று கணக்குச் சொல்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவர் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 1000-க்கு 3. ஆனால் மஞ்சள் காமாலை பி கிருமி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு 100-க்கு 30 வரைகூட இருக்கலாம். நாங்கள் பயந்தது ஒன்றுக்கு, பயப்பட வேண்டியது இன்னொன்றுக்கு. காமாலைத் தடுப்பூசி அப்போது வெளிநாட்டுச் சரக்கு, யானை விலை. 1997-இல் ஐதராபாத்தில் உள்நாட்டுத் தயாரிப்பு வந்த பிறகுதான் விலை இறங்கியது. அக்காவுக்கு யார் வாங்கிப் போடுவார்கள்?

நல்ல வேளை, இரண்டு தடவையும் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்தது. இரண்டாவது முடிவு வந்த மறுநாள் அக்கா ஒரு காலி டால்டா டின்னோடு லேபுக்குள் வந்தார். மூடியில் உளி வைத்து ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை போட்டிருந்தார். மேஜையின் வலது பக்கம், என் கை தானாகப் போகிற இடத்தில் வைத்தார்.

"இனிமே ஊசிய இதுக்குள்ள போடுங்க சார். நெறஞ்சா நானே எடுத்துக்கிடுதேன்."

வேறொரு வார்த்தை இல்லை. வார்டுக்கு ஒரு டின், ஊசி அறைக்கு ஒரு டின் என்று அவரே கொண்டுபோய் வைத்தார். பஞ்சுக்குத் தனிச் சாக்கு, பாட்டிலுக்குத் தனிச் சாக்கு. சாப்பாட்டு இலையும் காகிதமும் தனி. ஒரு சுற்றறிக்கையும் கிடையாது. கையெழுத்துக் கூட சரியாகப் போட வராத அந்த அக்கா செய்த ஏற்பாடு அது.

நாடு அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது தனிக் கதை.

அமெரிக்காவிலேயே 1987, 88 கோடையில் நியூயார்க், நியூ ஜெர்சி கடற்கரைகளில் ஊசியும் ரத்தக் குப்பியும் அலையோடு வந்து ஒதுங்கின. குளிக்க வந்த ஜனம் அலறிக்கொண்டு ஓடியது. 1988-இலேயே அங்கே சட்டம் வந்தது. ஒவ்வொரு மூட்டையும் எந்த ஆஸ்பத்திரியில் கிளம்பியது, யார் ஏற்றினார், எங்கே போய்ச் சேர்ந்தது என்று சீட்டு இருக்க வேண்டும் என்றார்கள். யோசித்துப் பார்த்தால் அக்கா கேட்ட கேள்விதான் அது.

நம் நாட்டில் தில்லிக் குப்பை வழக்கிலிருந்து தொடங்கியது. வதேரா என்பவர் போட்ட வழக்கில் 1996 மார்ச் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தில்லியில் 50 படுக்கைக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் எரிஉலையோ அதற்கு ஈடான வேறொன்றோ அமைக்க வேண்டும் என்றது. எண்ணம் நல்லது. ஆனால் ஊர் நடுவே ஆஸ்பத்திரிக்கு ஓர் உலை, அதில் பிளாஸ்டிக்கையும் பஞ்சையும் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும்? குளோரின் கலந்த பிளாஸ்டிக் குறைந்த சூட்டில் எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு புகையோடு போகும். புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும் என்கிறார்கள். கிருமியைக் கொல்லப் போய் ஊரையே புகைக்குள் வைத்த கதையாகிவிடும் என்று சுற்றுச்சூழல்காரர்கள் போராடினார்கள்.

அடுத்து 1998 ஜூலை 20-ஆம் தேதி மத்திய அரசு உயிரி மருத்துவக் கழிவு விதிகளை வெளியிட்டது. குளோரின் பிளாஸ்டிக்கை எரிக்கக் கூடாது. பிளாஸ்டிக்கை நீராவியில் வேகவைத்து, துண்டாக்கி, மறுபடி ஊசியாக விற்க முடியாதபடி செய்ய வேண்டும். உலைக்கு இரண்டு அறை, ஒன்றில் 800 டிகிரி, புகை போகிற அறையில் 1,050 டிகிரி என்றெல்லாம் வந்தது. ஊரின் அளவைப் பார்த்துக் கெடு கொடுத்தார்கள். கெடு 2002 முடிய நீண்டது.

எங்களுக்கும் பயிற்சி வகுப்பு நடந்தது. கழிவில் 10 வகை என்று சுவரில் ஓர் அட்டவணை மாட்டினார்கள். மஞ்சள், சிவப்பு, நீலம் அல்லது வெள்ளை, கறுப்பு என்று பைகள். ஒரே பொருளுக்கு இரண்டு நிறப் பை போடலாம் என்று சில இடத்தில் இருந்தது. டாக்டர்களே அட்டவணைக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்கள்.

வகுப்பு எடுத்தவர் ஒரு படத்தைக் காட்டினார். "கூரான பொருட்களைத் துளைக்க முடியாத கெட்டியான கலத்தில், எடுக்கிற இடத்திலேயே போட வேண்டும்." படத்தில் மூடியில் ஓட்டை போட்ட டப்பா. நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

அந்த வகுப்பில் சொன்ன ஒரு கணக்கு மட்டும் இன்றுவரை மறக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு அது. ஓர் ஆஸ்பத்திரியின் கழிவில் 85 சதவீதம் நம் வீட்டுக் குப்பை மாதிரிதான். காகிதம், இலை, பழத்தோல். ஆபத்தானது 15 சதவீதம்தான். ஆனால் அந்தப் பதினைந்தை இந்த எண்பத்தைந்தோடு கலந்துவிட்டால் மொத்தமும் ஆபத்தாகிவிடும். ஒரு குடம் பாலும் துளி மோரும் கதைதான். பின்னால் எவ்வளவு பெரிய உலை கட்டினாலும் பிரயோசனமில்லை. ஊசி கையை விட்டுப் போகிற அந்த நொடியில் எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் அன்றைக்குச் சாக்குக்குள் போட்ட அந்த நொடி.

அக்கா 2003-இல் ஓய்வு பெற்றார். காராச்சேவு, லட்டு, சால்வை எல்லாம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தவரிடம் போனேன். "அக்கா, அந்த ஊசி லேபுல இருந்து வந்ததுதான். நான்தான் போட்டேன்" என்றேன். பதினொரு வருஷம் கழித்து.

"அன்னைக்கே தெரியும் சார்" என்றார். "வார்டுப் பஞ்சுல மஞ்ச மருந்து இருக்கும். உங்க பஞ்சுல ஸ்பிரிட்டு வாடை மட்டுந்தான் இருக்கும். எனக்குத் தெரியாதா? நீங்க பேசாம இருந்தீக. நானும் பேசாம இருந்துட்டேன். அதான் டின்னக் கொண்டாந்து வச்சேனே."

மருத்துவக் கழிவைப் பற்றி அந்த ஆஸ்பத்திரியில் நிஜமாகவே தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுக்கு அது குப்பை. அவருக்கு ஒவ்வொரு பஞ்சுக்கும் ஒரு விலாசம் இருந்தது.

2005-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய மருத்துவத் துறைத் திட்டத்தில் இந்த வேலைக்குத் தனி கவனம் கிடைத்தது. பயிற்சி, தொட்டி, வண்டி எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. ஆஸ்பத்திரிக்கு ஓர் உலை என்ற யோசனை போய், பல ஆஸ்பத்திரிகளுக்குச் சேர்த்து ஒரு பொது நிலையம் என்று ஆனது. நம் பக்கத்தில் விருதுநகர் மாவட்டம் திருச்சுழிப் பக்கம் அப்படி ஒன்று இயங்குகிறது.

ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் குஜராத்தைச் சொல்ல வேண்டும். 2009-இல் சபர்காந்தா மாவட்டம் மொடாசாவில் மஞ்சள் காமாலை பி திடீரென்று பரவிப் பலர் செத்துப்போனார்கள். விசாரித்தால், போட்ட சிரிஞ்சையே மறுபடி போட்டிருக்கிறார்கள். பழைய ஊசியைக் கழுவிப் புது உறையில் போட்டு விற்கிற வியாபாரமும் அதோடு வெளியே வந்தது. எறிந்த ஊசி நம் கைக்கே திரும்பி வரும் என்று காட்டிய சம்பவம் அது.

நான் ஓய்வு பெற்ற பிறகு 2016 மார்ச் 28-ஆம் தேதி புது விதிகள் வந்தன. 10 வகை போய் 4 நிறம். உடம்புப் பகுதி, ரத்தம் பட்ட பஞ்சு, காலாவதி மருந்து எல்லாம் மஞ்சள், அது உலைக்கு. குழாய், சிரிஞ்சு, கையுறை சிவப்பு. அது நீராவியில் வெந்து, துண்டாகி, வேறு பொருளாகும். ஊசி, பிளேடு எல்லாம் துளைக்க முடியாத வெள்ளைக் கலம். கண்ணாடிக் குப்பி நீலம். அந்தப் பெண் திரும்பிப் பாராமல் போட்டது இந்தக் கணக்கில்தான். 48 மணி நேரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் தேங்கக்கூடாது. கழிவைத் தொடுகிறவர் அத்தனை பேருக்கும் காமாலைத் தடுப்பூசி போட்டாக வேண்டும். ஒவ்வொரு பைக்கும் பார்கோடு. எந்த ஆஸ்பத்திரியின் பை என்று அது சொல்லும். அக்கா கேட்டு இருபத்து நாலு வருஷம் கழித்துச் சட்டம் அந்தக் கேள்விக்குப் பாதி பதில் சொன்னது.

பாதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், 2024 டிசம்பரில் நம் பக்கத்துத் திருநெல்வேலியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளத்திலிருந்து வந்த மருத்துவக் கழிவு குவியல் குவியலாகக் கிடந்தது. கிளறிப் பார்த்தவர்களுக்கு நோயாளிகளின் சீட்டுகளும், திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் பெயர் போட்ட காகிதங்களும் கிடைத்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கண்டித்துக் கெடு விதித்தது. கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். 2025-இல் மருத்துவக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டுகிறவர்களைக் குண்டர் சட்டத்தில் அடைக்கத் தமிழக சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. பெயர் போட்ட காகிதம் கிடைத்ததால்தான் அந்தக் குவியல் வந்த வழியே திரும்பிப் போனது. இல்லையென்றால் ஆடு மேய்க்கிற பையன்தான் கண்டெடுத்திருப்பான்.

வெளியூரைச் சொல்லிவிட்டு நம் வீட்டை விட்டுவிடக் கூடாது. இதைப் படிக்கிற நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. பலர் வீட்டில் தினமும் இன்சுலின் ஊசி. அந்த ஊசி எங்கே போகிறது? காய்கறித் தோலோடு சேர்ந்து குப்பை வண்டிக்குப் போகிறது. அதைக் கையால் பிரிக்கிற தாய்மார்களுக்கு டால்டா டின் கிடையாது.

அதனால் என் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா, திருகு மூடி. போட்ட ஊசி, சர்க்கரை பார்க்கக் குத்துகிற லான்செட் எல்லாம் மூடி போட முயலாமல் நேராக அதற்குள். முக்கால் பாகம் நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் சுற்றி, எனக்குத் தெரிந்த ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் கழிவோடு சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் ஊரிலும் கேட்டுப் பாருங்கள். அதற்கும் வழியில்லையென்றால், குப்பை வாங்க வருகிறவர் கையில் தனியாகக் கொடுத்து, உள்ளே ஊசி இருக்கிறது என்று வாயால் சொல்லிக் கொடுங்கள்.

டப்பாவின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். 'உள்ளே ஊசி' என்று பெரிய எழுத்தில். அதன் கீழே என் பெயர், வீட்டு எண், தெரு. வீட்டுக்காரம்மா சிரிக்கிறாள், குப்பைக்குக் கூடவா விலாசம் என்று.

ஆமாம், விலாசம்தான். கையில் எடுக்கிறவர் யாரும் வாசலில் வந்து நின்று கேட்க வேண்டியிருக்கக் கூடாது.